எல்லைப்புறத்தில் கன்று நடுவோர்: கூலியும் வாழ்க்கைச் செலவும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் அனைவரும் ஒரு கேள்வியை நன்கு அறிவர். "அங்கே நாட்கூலி எவ்வளவு?" என்பதே அக்கேள்வி. ஊரை விட்டுப் புறப்படுமுன் கேட்பதும் இதுவே. திரும்பி வந்தவரிடம் அண்டை வீட்டார் கேட்பதும் இதுவே. ஆயின், அக்கூலி மாதத்தில் எத்தனை நாள் கிடைக்கும், உண்டு உறங்கியது போக மிஞ்சுவது யாது என்ற கேள்விகளைப் பலரும் எழுப்புவதில்லை. பருவ வேலையில் இவ்விரண்டு கேள்விகளே முதன்மையானவை. இதனை விளக்கப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறக் கிராமங்களை ஒட்டி நடைபெறும் ரப்பர்க் கன்று நடும் வேலையை இன்று எடுத்துக்கொள்வோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளை வரும். அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. ஒரு காலத்தில் இவ்விருபுறமும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாடாக விளங்கின. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. நிலத்தின்மேல் கோடு விழுந்ததேயன்றி, கொள்வினை கொடுப்பினையும் சந்தைப் போக்குவரத்தும் அறுபடவில்லை. இன்றும் காலையில் எல்லையைக் கடந்து வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவோர் இருபுறமும் உண்டு.

இப்பகுதியின் தாழ்ந்த நிலங்களில் தென்னையும் வாழையும் மரச்சீனியும் விளைகின்றன. கிழக்கே வெள்ளறடை பக்கம் நிலம் மேடாகி மலையடிவாரத்தை நெருங்குகையில் ரப்பர் மரங்கள் மிகுகின்றன. எல்லைக்கு இப்பால் அருமனை முதலான ஊர்களிலும் இதே காட்சிதான். ரப்பர் என்றவுடன் பெரிய வெள்ளைக்காரத் தோட்டங்களே பலர் நினைவுக்கு வரும். உண்மை வேறு. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறு உடைமையாளரின் நிலங்களிலிருந்தே கிடைக்கிறது. ஒருவரது தோட்டத்தின் சராசரிப் பரப்பு அரை ஹெக்டேருக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. முதலாளியும் சிறியவர், தொழிலாளியும் எளியவர் என்ற இந்நிலைமை பின்னர்க் கூறப்போகும் செய்திகளுக்கு அடிப்படையாகும்.

இனி, வேலையின் தன்மையைக் காண்போம். ரப்பர் மரம் நட்டு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் சென்ற பின்னரே பால்வெட்டுக்கு வரும். பல ஆண்டுகள் பால் தந்து முதிர்ந்த மரங்களை வேனிற்காலத் தொடக்கத்தில் வெட்டி அகற்றுவர். கோடை மழை பெய்து மண் இளகியதும் குழி தோண்டத் தொடங்குவர். மலையாளத்தார் இடவப்பாதி என்று வழங்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்கியதும் கன்று நடப்படும். ஜூன், ஜூலை ஆகிய இரு மாதங்களே நடவுக்குச் சிறந்தவை. அதன்பின் களையெடுப்பு, மூடுபயிர் வளர்ப்பு, மழை ஓய்ந்ததும் கன்றின் அடியில் சருகு மூடுதல் ஆகியன சிறிது சிறிதாக நடைபெறும். ஆகவே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்படுவது ஆண்டில் சில மாதங்களே.

குழியின் அளவு நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் 75 சென்டிமீட்டர் என்பது வழக்கம். ஏக்கருக்கு ஏறத்தாழ 180 குழிகள் வரும். ஒரு குழியிலிருந்து வெளியேறும் மண் 0.42 கன மீட்டர். எனவே ஓர் ஏக்கரில் தோண்டியெடுக்க வேண்டிய மண் ஏறக்குறைய 76 கன மீட்டர் ஆகும். செம்மண்ணாயின் மண்வெட்டி இறங்கும். பாறைப்பாங்கான சரிவாயின் கடப்பாரையே துணை. பின்னர் மேல்மண்ணையும் தொழுவுரத்தையும் இட்டுக் குழியை மூட வேண்டும். உறையில் வளர்த்த கன்றுகளை மண் உதிராமல் சரிவில் சுமந்து ஏற வேண்டும். இவையனைத்தும் மழையிலும் அட்டைக் கடியிலும் நடப்பவை. அண்மைக் காலத்தில் வண்டி செல்லும் இடங்களில் மண்தோண்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. செங்குத்தான சரிவும் கல் நிறைந்த மூலையுமே மனிதக் கைக்கு எஞ்சுகின்றன. அதாவது, எளிய குழி இயந்திரத்துக்கும் கடினமான குழி தொழிலாளிக்கும் போகிறது. குழிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவோர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

கூலி இருவகைப்படும். ஒன்று நாட்கூலி, மற்றொன்று குழிக் கணக்கிலோ கன்றுக் கணக்கிலோ பேசிக்கொள்ளும் ஒப்பந்தக் கூலி. இம்முறை நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெட்டிய காடுகளை மீண்டும் வளர்க்க இளவேனிலிலும் கோடையிலும் முகாமிட்டுக் கன்று நடுகின்றனர். அங்கும் கன்று ஒன்றுக்கு இத்தனை சென்ட் என்பதே கூலி. பல முகாம்களில் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் நாள்தோறும் ஒரு தொகை பிடிக்கப்படும். வேலை நடவாத நாளிலும் வயிறு பசிப்பது போலவே முகாம்ச் செலவும் ஏறும். மண் வேறு, மொழி வேறு. ஆனால் கணக்கு ஒன்றே.

அக்கணக்கை நமது எல்லைப்புறத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரத்தின்படி, 2022-23ஆம் ஆண்டில் கிராமப்புற ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 764 ரூபாய். தமிழ்நாட்டில் 470 ரூபாய். நாடு முழுமைக்கும் 346 ரூபாய். களியக்காவிளையில் ஒரு சாலையைக் கடந்தால் ஏறக்குறைய முந்நூறு ரூபாய் மிகுதி என்பது யாரையும் ஈர்க்கும்.

இப்போது ஒருவர் தொலைவிலுள்ள தமிழ்நாட்டு மாவட்டத்திலிருந்து வந்து எல்லைப்புறத்தில் அறை எடுத்துத் தங்குகிறார் எனக் கொள்வோம். மழையாலும் வேலை முறிவாலும் மாதத்தில் 18 நாட்களே அவருக்கு வேலை கிடைக்கிறது. வரவு 13,752 ரூபாய். உணவுக்கு நாளொன்றுக்கு 150 வீதம் முப்பது நாளைக்கு 4,500, வாடகைப் பங்கு 1,000, போக்குவரத்து 600, சோப்பு, மருந்து, தொலைபேசி முதலியவற்றுக்கு 500, ஆக 6,600 ரூபாய். மிச்சம் 7,152 ரூபாய். அவரே ஊரில் இருந்து 470 ரூபாய்க்கு 24 நாள் வேலை செய்தால் வரவு 11,280 ரூபாய். வீட்டுச் சமையலில் தம் உணவுக்கு நாள் 80 வீதம் 2,400 போனால் மிச்சம் 8,880 ரூபாய். செலவுத் தொகைகளும் வேலை நாட்களும் கணக்கு விளங்கும்பொருட்டு நாம் கற்பித்துக்கொண்டவை. அவரவர் தத்தம் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் உண்மை புலனாகும். கூலி ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்தும், மிச்சம் குறைந்துவிட்டது. இக்கணக்கின்படி மாதம் 21 நாட்களேனும் வேலை கிடைத்தால்தான் எல்லை கடந்து தங்குவது இலாபம். கூலியை முப்பதால் பெருக்குவோர் ஏமாறுவர். கிடைக்கும் நாட்களால் பெருக்குவோரே பிழைப்பர். மாலையில் வீடு திரும்பும் விளவங்கோட்டுக்காரருக்கு வாடகையும் கடைச் சோறும் இல்லை. ஆதலின் அதே கூலி அவருக்குப் பெருங்கூலி. தங்கி வேலை செய்பவருக்கு நடுத்தரக் கூலி.

சட்டம் இவர்களுக்குத் துணை நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றுக்கு வழிசெய்தது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் பயணப்படி முதலியவற்றை அளித்தது. இவ்விரண்டும் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கின. அத்தொகுப்பை 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆனால் தோட்டம் என்று கருதப்படுவதற்கு ஐந்து ஹெக்டேர் நிலமும் பத்துத் தொழிலாளரும் தேவை. புலம்பெயர் தொழிலாளருக்கான விதிகள் பொருந்துவதற்குப் பிற மாநிலத்தார் பத்துப் பேரேனும் வேலை செய்தல் வேண்டும். அரை ஹெக்டேர் நிலத்தில் நான்கு பேர் குழி தோண்டினால் இவ்விரு வாயில்களும் அடைபட்டுவிடுகின்றன. இங்கே கொடுமை புரியும் முதலாளி எவருமில்லை. சட்டத்தின் அளவுகோல் சிறு தோட்டத்தை எட்டவில்லை என்பதே குறை.

எனினும் முற்றும் கைவிடப்பட்டதாகக் கருத வேண்டுவதில்லை. அதே நாளில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லா வேலைகளுக்கும் பொருந்தும். அதன்படி குறைந்தபட்ச ஊதியம் குழிக் கணக்கில் வேலை செய்வோருக்கும் உரியது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு கூலி தரலாகாது. கூலியிலிருந்து செய்யும் பிடித்தங்கள் அனைத்தும் சேர்ந்து பாதிக்கு மேற்படலாகாது. மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றவர்கள் இந்தக் கடைசி விதியை மனத்தில் இருத்துக.

உணவுச் செலவைக் குறைக்கவும் ஒரு வழியுண்டு. 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' திட்டத்தின்கீழ், முன்னுரிமைக் குடும்ப அட்டையோ அந்த்யோதயா அட்டையோ உடையவர்கள் எந்த மாநிலத்திலும் நியாயவிலைக் கடையில் ஆதார் எண்ணையும் விரற்பதிவையும் காட்டித் தானியம் பெறலாம். முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. வேலைக்குச் சென்றவர் தம் பங்கை அங்கே பெற்றுக்கொள்ள, வீட்டார் எஞ்சியதை ஊரில் வாங்கலாம். தமிழ்நாடு அரசு தன் பொறுப்பில் வழங்கும் சர்க்கரை, பருப்பு முதலியன பிற மாநிலத்தில் கிடைக்கமாட்டா. முன்னுரிமையற்ற அட்டைக்கும் இவ்வசதி இல்லை. ஆகவே புறப்படுமுன் அட்டையின் வகையைப் பார்த்துக்கொள்வது நலம்.

மொழியைப் பற்றியும் அஞ்ச வேண்டுவதில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்றும், மறுமொழியும் தமிழிலேயே வரும் என்றும் கூறுகிறது. குறைதீர் விண்ணப்பத்தை மாநிலத்திலோ மத்தியிலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்பது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு தரும் உரிமை.

முடிவாக, பருவ வேலைக்குப் புறப்படுவோர் கேட்டறிய வேண்டியவை இவை. நாட்கூலியா, குழிக் கணக்கா? கல் நிறைந்த நிலத்துக்குக் கூலி வேறா? மழையால் வேலை நின்றால் அந்நாளின் கூலி யாது? தங்குமிடத்துக்குப் பிடித்தம் எவ்வளவு? கணக்குத் தீர்ப்பது வாரந்தோறுமா, நடவு முடிந்த பின்பா? விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வேலை செய்த நாளையும் தோண்டிய குழியையும் அன்றன்றே குறித்துவந்தால் வழக்கு எழுந்தாலும் வாய்ச்சொல்லை நம்பி நிற்க நேராது. நட்ட கன்று பால் தர ஏழு ஆண்டுகள் ஆகும். நட்டவரின் உழைப்புக்கு உரிய பயன் அந்த மாதமே வீடு போய்ச் சேர வேண்டும். அதற்குக் கைப்பலத்தோடு கணக்கறிவும் வேண்டும்.