கிரிக்கெட் மன்றத் தரச்சான்று

கிரிக்கெட் மன்றத் தரச்சான்று என்பது உள்ளூர் மன்றம் ஒன்று முறையாகவும் பாதுகாப்பாகவும் நடத்தப்படுகிறது என்பதற்கு அளிக்கப்படும் சான்றாகும். இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பு 2002இல் தொடங்கிய 'கிளப்மார்க்'. கிரிக்கெட்டில் இதை இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் கிரிக்கெட் வாரியம் செயல்படுத்தியது.

வென்ற கோப்பைகள் இதில் கணக்கில் கொள்ளப்படவில்லை. சிறுவர் பாதுகாப்பு, பயிற்சியும் போட்டிகளும், சுற்றுவட்டார மக்களுடனான உறவு, நிருவாகம் ஆகிய நான்குமே பார்க்கப்பட்டன. இவற்றில் முதலாவதுதான் கடினமானது. சிறுவர் நலனுக்கெனத் தனிப் பொறுப்பாளர் வேண்டும். அவரும் பயிற்றுநர்களும் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். இளம் வேகப்பந்து வீச்சாளர் எத்தனை ஓவர் வீசலாம் என்பதற்கும் அவ்வாரியம் வயதுவாரியாக வரம்பு விதித்துள்ளது. வளரும் முதுகெலும்பில் விரிசல் ஏற்படாமல் காப்பதே அதன் நோக்கம்.

சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக்கில் மன்றங்கள் மேலேறுவதும் கீழிறங்குவதும் ஆட்ட முடிவுகளைப் பொறுத்தவை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் தெருவிலும் கடற்கரையிலும் டென்னிஸ் பந்தில் ஆடும் அணிகளோ இந்த வரிசைக்கே வெளியே நிற்பவை. சொந்த மைதானம் அவற்றுக்கு எட்டாக்கனி. ஆனால் முதலுதவிப் பெட்டி ஒன்றை வைத்திருக்கவும், அடிபட்ட சிறுவனின் வீட்டுக்கு யார் தகவல் சொல்வது என்று எழுதி வைக்கவும் மைதானம் தேவையில்லை.