இரும்பைச் செம்மண்ணில் பொது வீடுகள்

திண்டிவனத்தினின்று புதுவை செல்லும் சாலையிலிருந்து சிறிது கிழக்கே ஒதுங்கினால், சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் கொண்ட இரும்பை. அதனை அடுத்த செம்மண் மேட்டில்தான் 1968 பிப்ரவரி 28ஆம் தேதி ஆரோவில் நகரம் தொடங்கப்பெற்றது. 50,000 ஜனங்களுக்கென்று திட்டமிட்ட அந்நகரில் இன்று வசிப்போர் சில ஆயிரவரே. ஆயினும் நகரங்களில் வீட்டு வாடகைக்கு அஞ்சி வாழும் நம்மவர் அங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு.

அங்கு வீடு எவருக்கும் சொந்தமன்று. 1988ஆம் வருஷத்துப் பார்லிமெண்டுச் சட்டப்படி, நகரின் நிலமும் கட்டடமும் ஆரோவில் பவுண்டேஷனுக்கு உரியவை. தம் பணத்தால் கட்டியவரும் அதனை விற்க முடியாது. பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. வீட்டின் விலையை உயர்த்துவது கொத்தனார் கூலி மட்டுமன்று. கைமாறுந்தோறும் ஏறும் மனை விலையே பெரும்பங்கு. அம்மனை சந்தையை விட்டு நீங்கினால் எஞ்சுவது கட்டும் செலவு ஒன்றே. அச்செலவையும் குறைக்க வழியுண்டு. நிலத்து மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து அழுத்திய கல்லை அங்கே வழங்குகின்றனர். அதற்குச் சூளை வேண்டுவதில்லை.

எனினும் குறையைச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. முன்பணம் செலுத்த இயலாத வாலிபர் பலர், வெளியூர் சென்றவர் வீட்டைக் காத்துக்கொண்டு, வீடு மாற்றி வீடு குடிபுகுகின்றனர். உரிமை பொதுவாயினும் முதல் பொதுவாகவில்லை! முடிவு செய்யும் அதிகாரமோ தீராத வழக்காயிற்று. 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்களின்மீது இயந்திரங்கள் ஏறியபோது, குடியிருப்போரில் பலருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் மூண்ட பிணக்கை நாடறியும்.

தென்னமெரிக்காவின் உருகுவாய் நாடு, அதே 1968இல் இயற்றிய வீட்டுச் சட்டத்தால் இவ்விரண்டிற்கும் விடை தேடிற்று. சேமிப்பில்லாத தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாகக் கூடி, வாரந்தோறும் இத்தனை மணி என உடலுழைப்பையே பங்காக இடுகின்றனர். சர்க்கார் நீண்டகாலக் கடன் தருகிறது. வீடு சங்கத்துடையது, வாழும் உரிமை அங்கத்தினருடையது. தீர்மானம் செய்வதும் அவர்களே.

ஆரோவில்லின் சுவர்களை எழுப்பியவர்களில் சுற்றுக் கிராமத்துக் கொத்தனாரும் சித்தாளும் எத்தனை பேர்! நகரம் வளர, அவர்கள் ஊரில் மனை விலை அவர்கள் கைக்கெட்டாது ஏறிவிட்டது. நாம் கேட்பது இதுவே: இரும்பைப் பக்கத்தில் சர்க்கார் ஒரு துண்டு நிலத்தை விற்பனைக்கு உட்படாத குத்தகையாக அளித்து, 1983ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் அத்தொழிலாளர் குடும்பங்களின் சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, முதற்கடனையும் கொடுக்கட்டும். கட்டத் தெரிந்த கைகள் அங்கேயே இருக்கின்றன.