ப்ராசஸர் தொடாமலே பறக்கும் டேட்டா... தெரியுமா?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு ஹைவேயில் போனால் ஸ்ரீபெரும்புதூர். 2007 முதல் டெல் கம்ப்யூட்டர்கள் தயாராகும் ஊர்! அந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் ஒரு படத்தைத் திறக்கிறீர்கள். டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு அதைச் சுமந்து போவது ப்ராசஸரே இல்லை, தெரியுமா?

அந்த வித்தையின் பெயர் டி.எம்.ஏ! நசரத்பேட்டை குடோனில் லோடு இறங்கும்போது முதலாளியா மூட்டை தூக்குகிறார்? எத்தனை மூட்டை, எங்கே அடுக்கணும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ப்ராசஸரும் அப்படித்தான்! ரேமில் எந்த இடம், எத்தனை பைட்? அதை மட்டும் சொல்லும். முடிந்ததும் ஒரு சிக்னல் வரும். அவ்வளவுதான்!

1981ல் வந்த ஐபிஎம் பிசியில் இதற்கென்றே ஒரு சிப்: இன்டெல் 8237. மொத்தம் 4 சேனல், அதாவது 4 தனி வழி. அதில் சேனல் 0 எதற்குத் தெரியுமா? டிஸ்க்குக்கு அல்ல, ரேமின் மறதிக்கு! அந்தக் கால ரேமை 2 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை தொட்டு எழுப்பாவிட்டால் வைத்திருந்ததை மறந்துவிடும். அதனால் 15 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தட்டு. நொடிக்கு 66,000 தடவை! நீங்கள் ஒரு எழுத்துகூட டைப் பண்ணாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும்!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த பிசியில் செருகும் பழைய 8 பிட் ஐஎஸ்ஏ கார்டு கிடைத்தால் விடாதீர்கள். அடியில் தங்க நிறப் பற்கள், பக்கத்துக்கு 31! சால்டர் வைத்த பக்கத்தில், பிராக்கெட் முனையிலிருந்து எண்ணுங்கள். 6ஆவது பல், "பஸ் வேணும்" (அதாவது டேட்டா போகும் பாதை) என்று ஃபிளாப்பி கேட்கும் கம்பி. 26ஆவது பல், "எடுத்துக்கோ" என்று பதில் வரும் கம்பி. 360 கேபி ஃபிளாப்பி 32 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பைட் தரும். ஒவ்வொரு பைட்டுக்கும் இந்தக் கேள்வி பதில்!

1984ல் ஐபிஎம் ஏடி வந்தது. இன்னொரு 8237 சேர்ந்தது. ஒரு சேனல் இரண்டு சிப்பையும் இணைக்கவே போக, மிச்சம் 7 சேனல். ஆனால் அதன் ஹார்ட் டிஸ்க் டி.எம்.ஏ.வைத் தொடவே இல்லை! ஏன்? ப்ராசஸர் ஓடியது 6 மெகாஹெர்ட்ஸில், டி.எம்.ஏ. சிப் வெறும் 3ல். தானே சுமந்தால் சீக்கிரம் முடியும்!

1992ல் பிசிஐ என்ற புது பஸ் வந்தது. அதன் கார்டுகளுக்கு நடுவில் அந்தச் சிப் தேவையே இல்லை. கார்டே பஸ்ஸைப் பிடித்து ரேமில் எழுத முடிந்தது. நொடிக்கு 133 எம்பி வரை! இன்றைய வேகமான எஸ்எஸ்டி? நொடிக்கு 7,000 எம்பியைத் தாண்டும். ஒரு முழு டிவிடி ஒரு நொடிக்குள்!

ரேமுக்கு நேர்வழி என்றால் திருடனுக்கும் வழிதானே? 2020ல் 'தண்டர்ஸ்பை' என்ற தாக்குதல் முறை அதைக் காட்டியது. லாக் செய்த லேப்டாப்பின் முதுகைக் கழற்றி, தண்டர்போல்ட் போர்ட்டின் சிப்பில் உள்ள புரோகிராமை மாற்றி எழுதி, டி.எம்.ஏ. வழியாகவே உள்ளே நுழைய முடிந்தது. 5 நிமிடம் போதுமாம்! ரேமில் எந்தக் கார்டு எங்கே எழுதலாம் என்று காவல் காக்கும் ஐ.ஓ.எம்.எம்.யூ. எத்தனை முக்கியம் பாருங்கள்!

இன்னொன்று. 1984 ஏடியில் டி.எம்.ஏ. எட்டிப் பிடிக்க முடிந்தது முதல் 16 எம்பி ரேம் மட்டுமே. அந்த எல்லைக்காக லினக்ஸில் 'சோன் டி.எம்.ஏ.' என்று ஒரு தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள், தெரியுமா?