மீனின் விலையும் வழிச் செலவும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை நாங்கள் படுவான்கரை என்போம். அங்குள்ள ஒரு கிராமத்தில் 2018ஆம் ஆண்டு பன்னிரண்டு பெண்களுக்கு அலங்கார மீன் வளர்ப்பதற்கான சீமெந்துத் தொட்டிகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. பன்னிரண்டு பேரும் குடும்பத்தைத் தாமே தலைமை தாங்கி நடத்துபவர்கள். அந்த வாழ்வாதாரத் திட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தராக நான் கடமையாற்றினேன். கப்பி மீனைத் தெரிவு செய்ததும் வரவுசெலவுக் கணக்கைத் தயாரித்ததும் நான்தான். அந்தக் கணக்கில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகின்றேன்.

கப்பி வளர்ப்பதற்கு இலகுவான மீன். முட்டையிடாமல் குஞ்சு ஈனும். ஏறக்குறைய மாதத்திற்கு ஒரு தடவை ஈனும் என்பதால் தொட்டி விரைவில் நிறைந்துவிடும். எமது நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. வீட்டு வேலைகளுக்கிடையே, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய தொழில் என்பதால் பெண்களும் விருப்பத்துடன் முன்வந்தனர்.

ஆறு மாதத்தில் மீன் விற்பனைக்குத் தயாரானது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வாகனத்தில் வரும் சேகரிப்பாளர் ஒருவர், தரமான மீன் ஒன்றுக்குப் பதினைந்து ரூபா கொடுத்து எடுத்துச் சென்றார்.

ஒரு நாள் குழுவிலிருந்த ஓர் அக்கா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். வெளிநாட்டில் இருக்கும் அவரது தம்பியின் மகன், அங்குள்ள மீன் கடையொன்றில் எடுத்த படம் அது. தொட்டியில் இருந்தது எங்கள் அக்காவின் தொட்டியில் இருக்கும் அதே ரக மீன். ஒரு சோடியின் விலையை எங்கள் பணத்திற்கு மாற்றிப் பார்த்தால் ஆயிரம் ரூபாவைத் தாண்டியது.

"மிஸ், எனக்குப் பதினைஞ்சு ரூபா. அங்க ஆயிரம் ரூபா. நடுவில உள்ள காசை ஆரு திண்டது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இடைத்தரகர் சுரண்டல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆகவே, "சேகரிப்பவர்தான் எடுக்கிறார்" என்று உடனே சொல்லிவிட்டேன். அது பாதி உண்மை மட்டுமே என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

நாமே அனுப்பிப் பார்த்தோம்

கொழும்புக்கு வெளியே உள்ள ஓர் ஏற்றுமதி நிலையத்துடன் தொலைபேசியில் பேசினேன். உயிருடன் வந்து சேரும் மீனுக்கு இருபத்தெட்டு ரூபா தருவதாகச் சொன்னார்கள். அக்கா தன் தொட்டியிலிருந்து நானூறு மீன்களைப் பிடித்தார். பொலித்தீன் பையொன்றுக்கு ஐம்பது வீதம் எட்டுப் பைகள். அவற்றை இரண்டு ரெஜிபோம் பெட்டிகளில் அடுக்கி இரவு பஸ்ஸில் ஏற்றினோம். கொழும்பில் இருக்கும் அக்காவின் உறவினர் ஒருவர் காலையில் பெட்டிகளை இறக்கி ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. இருநூற்று முப்பது மீன்கள் செத்துவிட்டன. உயிருடன் இருந்தவை நூற்று எழுபது.

அன்று பின்னேரம் நானும் அக்காவும் திண்ணையில் இருந்து கணக்குப் பார்த்தோம். நூற்று எழுபது மீனுக்குக் கிடைத்தது 4,760 ரூபா. பெட்டி இரண்டுக்கும் 900, பைக்கும் ஒட்சிசனுக்கும் 600, பஸ்ஸுக்கு 1,000, இரு பக்கமும் ஓட்டோவுக்கு 900. ஆக, செலவு 3,400. கையில் மிஞ்சியது 1,360 ரூபா. அதே நானூறு மீனையும் வாசலிலேயே கொடுத்திருந்தால் 6,000 ரூபா கிடைத்திருக்கும். அந்த மாதம் அவர் கட்ட வேண்டிய சுழற்சிக் கடன் தவணை 2,500 ரூபா.

அக்கா என்னைப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு மீன்கூடச் சாகாமல் நானூறும் போய்ச் சேர்ந்திருந்தால் 11,200 ரூபா கிடைத்திருக்கும். செலவு போக 7,800. வாசலில் விற்பதைவிட 1,800 ரூபா மட்டுமே கூடுதல். வாசல் விலைக்குச் சமமாக வருவதற்கே 336 மீன்கள் உயிருடன் போய்ச் சேர வேண்டும். அறுபத்து நான்குக்கு மேல் செத்தால் நட்டம். திட்டம் தொடங்குமுன் நான் செய்திருக்க வேண்டிய கணக்கு இது. என் தாளில் தொட்டி, தாய் மீன், உணவு, வலை எல்லாம் இருந்தன. விற்பனை விலை என்ற இடத்தில் கொழும்பு விலையைப் போட்டிருந்தேன். கொழும்புக்குப் போகும் செலவைப் போடவில்லை. வழியில் சாகும் மீனையும் போடவில்லை.

மீன்கள் ஏன் செத்தன?

பின்னர் அனுபவமுள்ள ஒருவரிடம் நடந்ததைச் சொன்னபோது, "அனுப்புவதற்கு முன் சாப்பாடு போட்டீர்களா?" என்று முதலில் கேட்டார். அக்காவிடம் விசாரித்தேன். "போட்டேன் மிஸ். எட்டு மணித்தியாலம் போற பயணம். வெறும் வயித்தோட எப்பிடி அனுப்புற?" என்றார்.

2007ஆம் ஆண்டு படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவர் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்தவர். அன்று பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை என்று என்னிடம் முன்னரே கூறியிருக்கிறார். பயணம் என்றால் வயிறு நிரப்பி அனுப்ப வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய விடயமல்ல. ஆனால் மீனுக்கு அது நேர்மாறு. மீன் தின்றால் கழிவு வெளியேறும். அடைத்த பைக்குள் அந்தக் கழிவு அமோனியாவாக மாறி மீனையே கொல்லும். ஆகவே ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை உணவை நிறுத்தி, குடலை வெறுமையாக்கிய பின்பே அனுப்ப வேண்டும்.

நாம் செய்த மற்றப் பிழைகளும் இருந்தன. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிகுதி ஒட்சிசனுமாக இருக்க வேண்டும். நாமோ தண்ணீர் கூட இருந்தால் மீனுக்கு நல்லது என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டி விட்டோம். பையின் மூலைகளை மடித்து இறப்பர் நாடாவால் கட்டவில்லை. கூரிய மூலைக்குள் சிறு மீன்கள் சிக்கி நசுங்கும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதால் பெட்டியை வெக்கையில் வைக்கக் கூடாது. எங்கள் பெட்டிகள் பஸ்ஸின் கீழ்ப் பெட்டகத்தில் போயின.

இறக்கும் இடத்திலும் ஓர் ஆபத்து உண்டு. பைக்குள் மீன் விடும் மூச்சினால் காபனீரொட்சைட்டு சேர்ந்து தண்ணீர் சற்று அமிலமாகிறது. அந்த நிலையில் அமோனியாவின் நஞ்சு குறைந்தே இருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுவதால் நஞ்சு திடீரெனக் கூடுகிறது. எனவே பையைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே மீனை நீண்ட நேரம் விடக் கூடாது.

ஆயிரம் ரூபா எங்கே போகிறது?

கொழும்பிலிருந்து வெளிநாடு போகும் வழியையும் விசாரித்து அறிந்தேன். அதை அக்காவுக்குச் சொன்ன முறையிலேயே இங்கும் சொல்கிறேன்.

மீனை சாதாரண தபால் பொதியில் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சர்வதேசத் தபால் விதிகளின்படி உயிருடன் அனுப்பக்கூடியவை தேனீ, அட்டை, பட்டுப்புழு போன்ற மிகச் சிலவே. அமெரிக்காவில் மீன் வளர்க்கும் ஒருவர் இன்னொருவருக்கு உள்நாட்டுத் தபாலில் மீன் அனுப்பலாம். எமக்கு அந்த வழி இல்லை. எனவே கட்டுநாயக்கவிலிருந்து விமானச் சரக்காகத்தான் போக வேண்டும். உயிருள்ள பிராணிகளை எப்படிப் பொதி செய்வது என்பதற்கு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகள் உண்டு.

விமானக் கூலி நிறையைப் பொறுத்தது. ஆனால் தராசில் வரும் நிறை மட்டுமல்ல. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000ஆல் பிரிப்பார்கள். வரும் எண்ணும் தராசு நிறையும் எது கூடவோ அதற்கே கூலி. உதாரணமாக 60, 45, 30 சென்ரிமீற்றர் அளவுள்ள பெட்டிக்கு 13.5 கிலோ என்று வரும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கப்பி மீன்கள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் ஒரு கிலோ வராது. மீதிக் கூலியெல்லாம் தண்ணீருக்கும் காற்றுக்கும்தான்.

இதற்கு மேல் மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ், சுங்க ஆவணங்கள், முகவர் கட்டணம், அந்த நாட்டு விமான நிலையப் பரிசோதனை என்பன இருக்கின்றன. இவற்றில் பல, ஒரு பெட்டி அனுப்பினாலும் ஐம்பது பெட்டி அனுப்பினாலும் ஏறக்குறைய ஒரே செலவுதான். ஆகவே ஒரு பெட்டியைத் தனியாக அனுப்புபவருக்கு மீனின் விலையைவிட வழிச் செலவு பல மடங்காகும். அங்கே மொத்த வியாபாரி மீனைத் தொட்டியில் விட்டுத் தேற்ற வேண்டும். கடைக்காரருக்கு வாடகை, மின்சாரம் உண்டு. அங்கும் மீன் சாகும். செத்த மீனின் விலை உயிருள்ள மீனின் விலைக்குள் சேர்ந்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு அக்கா, "அப்ப, வழிதான் காசைத் திங்குது" என்றார்.

உண்மைதான். ஆயினும் சகோதரிகளே, இதை வைத்து எல்லாம் நியாயமாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் மீன் செத்து இறங்கினால் வாங்குபவர் படம் எடுத்து அனுப்பிக் காசைக் கழிக்கிறார். அந்தக் கழிவு ஏற்றுமதியாளரிடமும், பின்னர் சேகரிப்பவரிடமும் வந்து, ஈற்றில் "இந்த முறை விலை குறைவு" என்று ஒரு பெண்ணின் வாசலில் வந்து நிற்கிறது. எந்த மீன் முதல் தரம், எது இரண்டாம் தரம் என்று தீர்மானிப்பதும் சேகரிப்பவரே. தொட்டி கழுவிய நேரத்தையும் குஞ்சு பிரித்த நேரத்தையும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. நானும் எடுத்திருக்கவில்லை.

பிறகு செய்தவை

பன்னிரண்டு பேரையும் கூட்டி நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அக்காவின் அந்த மாதத் தவணையைக் குழு பிற்போட்டது. எல்லோரும் ஒரே ரகத்தை வளர்ப்பது, மாதத்தில் ஒரு நாள் சேர்ந்து அனுப்புவது, இரண்டு நாளுக்கு முன்பே மீனைப் பிரித்து உணவை நிறுத்துவது என்று தீர்மானித்தோம். பெட்டிகள் சேர்ந்தபோது ஓட்டோச் செலவு பங்கிடப்பட்டது. சாவும் வெகுவாகக் குறைந்தது. கொழும்பு விலை தெரிந்ததும் சேகரிப்பவரும் தரம் பிரிக்கும்போது பெண்களை அருகில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். விலையை இரண்டு ரூபா கூட்டினார்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் விமான நிலையம் மூடப்பட்டபோது மீன் எடுக்க ஒருவரும் வரவில்லை. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. வாவியில் விட்டுவிடலாமா என்று சிலர் கேட்டனர். அலங்கார மீனை வாவியிலோ குளத்திலோ விடக் கூடாது. அங்குள்ள எமது மீன்களுக்கு அது கேடாகும். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றபோது மறுபடியும் அதே நிலை. வழி அடைபட்டால் தொழிலும் அடைபடும் என்பதை இரண்டு தடவை கண்டோம். அதன் பின்னர்தான் பட்டணத்துக் கடைகளுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சிறு பைகளில் விற்கப் பழகினார்கள். இன்று ஏழு பேர் தொழிலைத் தொடர்கிறார்கள். அந்த அக்காவும் அவர்களில் ஒருவர்.

நாளை உங்கள் வாசலுக்கும் ஒரு திட்டம் வரலாம். மீனாக இருக்கலாம், கோழியாக, காளானாக, பூச்செடியாக இருக்கலாம். என்னைப் போல ஒருவர் தாளும் பேனையுமாக வந்து இலாபத்தைக் கணக்கிட்டுக் காட்டுவார். அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது வாங்குபவரிடம் போய்ச் சேர எவ்வளவு செலவாகும்? வழியில் அழிந்தால் அந்த நட்டம் யாருடையது? வழி அடைபட்டால் இதை இங்கேயே யாருக்கு விற்கலாம்?

பதில் சொல்ல முடியாவிட்டால், போய் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடன் தாளில் கையெழுத்து வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.