மிஷன் பள்ளிக்கூட வாசலில் நின்ற பயம்

1854இல் கண்டி மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் ஒரு கிறிஸ்தவ ஊழியம் தொடங்கியது. சர்ச் மிஷனரி சங்கத்தார் அதற்கு வைத்த பெயர் தமிழ்க் கூலி மிஷன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்கள் வந்து, தோட்டம் தோட்டமாக நடந்து சுவிசேஷம் சொன்னார்கள். அவர்கள் தேடிப்போனது லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் வாழ்ந்த மக்களை. கடைவீதியில் இருந்த முஸ்லிம்களை அந்தப் பெயர் கணக்கில் எடுக்கவேயில்லை. ஆனால் பேசிய மொழி ஒன்று. சொன்னது அவர்கள் காதிலும் விழுந்தது.

நுவரெலியா மாவட்டத்தில் இன்றும் முஸ்லிம்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பெரும்பாலும் கடைத்தெருவைச் சேர்ந்தவர்கள். சம்பளம் வரும்வரை கொப்பியில் கடன் எழுதிக்கொண்டு அரிசியும் கருவாடும் தந்த ‘நானா கடை’யைத் தோட்டத்துப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். இலங்கை முஸ்லிம்களுக்கும் மலைநாட்டுக்கும் உள்ள உறவு தேயிலையைவிடப் பழையது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். அவர்கள் தவளம் எனும் பொதிமாட்டு வணிகத்தில் உப்பையும் கருவாட்டையும் மலையேற்றி, பாக்கைக் கீழே இறக்கினார்கள். ஆக, இந்தச் சமூகத்தின் பழைய நினைவில் சிலுவை துரத்தியவன் கையில் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தைக் கண்டு தயங்கியவர்களை ‘படிப்பில் அக்கறை இல்லாதவர்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

உபதேசியார் சொன்ன இயேசுவோ அவர்களுக்குப் புதியவர் அல்லர். ஈஸா நபி என்று சொல்லி வளர்ந்தவர்கள். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கே மர்யம் என்றுதான் பெயர். நபியைத் தேவகுமாரன் என்று சொல்வதும், அவர் சிலுவையில் இறந்தார் என்பதும்தான் ஏற்கமுடியாதவை. எனவே வாக்குவாதம் அவர்களைப் பெரிதாக அசைக்கவில்லை. பயமெல்லாம் பிள்ளைகளைப் பற்றியே. இங்கிலீஷ் படிக்க அனுப்பினால் மார்க்கம் போய்விடுமோ என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். குர்ஆன் கற்பிக்கும் ஓதப்பள்ளியோடு படிப்பு நின்றது.

அந்தப் பயத்தின் விலையை உணர்ந்தவர் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை (1838–1898). 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, அழகு தமிழில் தன் சமூகத்தையே கண்டித்தார். பாதிரிமாரை ஏசுவதில் காலத்தைக் கழிக்காமல், நமக்கு நாமே பள்ளிக்கூடம் கட்டுவோம் என்றார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த அராபி பாஷா துணை நின்றார். 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்த பாடசாலைதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியானது. டி. பி. ஜாயா அதிபராக இருந்த காலத்தில் கம்பளையிலும் மாத்தளையிலும் அதன் கிளைகள் திறந்தன. ஜாயா படித்தது ஆங்கிலிக்கன் மிஷனின் புனித தோமையார் கல்லூரியில். அவர் மார்க்கம் எங்கும் போய்விடவில்லை!

1960, 61ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் மிஷன் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியும் மெதடிஸ்த மிஷன் தொடங்கியதுதான். இன்று அது அரசுப் பாடசாலை. பள்ளிக்கூட வாசலின் பயம் அதோடு தணிந்தது. மதமாற்றத்தின் கசப்பு தணியவில்லை. இல்லாதவனுக்குக் கொடுக்கும் அரிசிப் பையில் துண்டுப் பிரசுரத்தைச் செருகுவது தவறு என்றே நினைக்கிறேன். மனமறிந்து மாறிய பிள்ளையின் முகத்தில் விழிக்கமாட்டோம் என்று வீட்டார் கதவைச் சாத்துவதும் தவறுதான்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஒரு குற்றமும் செய்யாத முஸ்லிம் வியாபாரிகள் சந்தேகப் பார்வைக்கு நடுவே கடை திறக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. அதில் இறந்தவர்களின் மையத்துகளை (உடல்களை) எரித்தே தீர வேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்தது. 2021 பெப்ரவரியில்தான் அந்த உத்தரவு விலகியது. அதன் பின்னும் அடக்கம் செய்யக் கிடைத்த மண் கிழக்கே ஓட்டமாவடியில். மலையிலிருந்து அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டியிருந்தது. எரிக்கக் கூடாது என்று அந்த நாட்களில் பேசியவர்களில் கிறிஸ்தவப் போதகர்களும் இருந்தார்கள். யாரையும் மதம் மாறச் சொல்லி அவர்கள் வரவில்லை. பக்கத்து வீட்டு மையத்துக்கு ஒரு பிடி மண் கேட்டு வந்தார்கள்.