பில் எங்கே பாஸ்?

லேப்டாப் வாங்கின அன்னிக்கு நீங்க என்ன பண்ணினீங்க, ஞாபகம் இருக்கா? பெட்டியைப் பிரிச்சீங்க. ஸ்கிரீன் மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை ஆசை ஆசையா உரிச்சீங்க. நாலு போட்டோ எடுத்து ஃபிரெண்ட்ஸுக்கு அனுப்பினீங்க. பில்? அது... பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. பெட்டி? ரூம் காலி பண்ணும்போது பழைய பேப்பர்காரர்கிட்ட போயிடுச்சு. கரெக்ட்டா?

சிரிக்காதீங்க. அடியேனும் இதுல அடி வாங்கின ஆள்தான். புராஜெக்ட் வைவாவுக்குப் பத்தே நாள் இருக்கும்போது என் லேப்டாப் கண்ணை மூடிடுச்சு. வாங்கிப் பதினோரு மாசம்தான். 'ஒரு வருஷ வாரன்டி இருக்கே'ன்னு கெத்தா சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

"பில் குடுங்க தம்பி."

பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே!"

நிஜம்தான். தாள் வெள்ளை வெளேர்னு இருந்தது. சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்தவர், "சிஸ்டம்ல போன மாசமே வாரன்டி முடிஞ்சிருக்கே"ன்னார். கம்பெனியிலிருந்து சரக்கு கிளம்பின தேதியிலிருந்து அவங்க கணக்கு. நான் வாங்கின தேதியை நிரூபிக்க பில்தான் சாட்சி. வாங்கின கடைக்கு ஓடினா, அந்த இடத்துல செருப்புக்கடை! மதர்போர்டு மாத்தப் பதினோராயிரம் ரூபாய். அம்மாவோட வளையல் பேங்குக்குப் போச்சு.

எழுத்து எங்கே போச்சு? அந்த மாதிரி பில்லுல மையே கிடையாது பாஸ். சூடு பட்டா கறுக்கிற ரசாயனம் பூசின தாள் அது. மெஷின் சூடு வெச்சுத்தான் அதுல எழுதுது. வெயில், எண்ணெய்க் கை, பர்ஸோட பிளாஸ்டிக் உறை... எது பட்டாலும் மெல்ல மங்கிடும். 'பத்திரப்படுத்தறேன் பேர்வழி'ன்னு லேமினேட் பண்ணிடாதீங்க. அந்தச் சூட்டுல மொத்தத் தாளும் கறுப்பாயிடும்!

அதனால, பொருள் வாங்கின கையோட கடை வாசல்லயே பில்லை ஒரு போட்டோ. பொருளோட சீரியல் நம்பரை இன்னொரு போட்டோ. ரெண்டையும் உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பிக்கங்க. தலைப்புல 'லேப்டாப் பில்'னு போட்டாத்தான் அப்புறம் தேடினா சிக்கும். போன்ல மட்டும் வெச்சுக்கிட்டா, போன் தொலையுற அன்னிக்கு அதோட பில்லும் சேர்ந்து தொலையும். போலீஸ்ல புகார் குடுக்கவும், 'சஞ்சார் சாத்தி' தளத்துல போனை முடக்கவும் ஐ.எம்.இ.ஐ. நம்பர் வேணும். இப்பவே *#06# அடிச்சுக் குறிச்சு வெச்சுக்கங்க.

மேனுவல் புத்தகத்தைக் கட்டி அழ வேணாம். பெரும்பாலான கம்பெனிங்க தங்களோட தளத்துலயே போட்டிருக்காங்க. ஆனா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி கடைசிப் பக்கத்தைப் பாருங்க. சில சமயம் வாரன்டி கார்டே அதுலதான் இருக்கும். கடை சீலும் தேதியும் இல்லாத கார்டு வெறும் அட்டை. ஃப்ரிட்ஜ் வாங்கற வீட்டுல இன்னொரு விஷயம். நிறைய மாடல்கள்ல முழு மெஷினுக்கு ஒரு வருஷம், கம்ப்ரஸருக்கு மட்டும் பத்து வருஷம் வாரன்டி. எட்டாவது வருஷமும் பில் தேவைப்படலாம்!

நாலு பேரா ரூம் எடுத்து, காசு போட்டு மிக்ஸி வாங்கினீங்களா? பில் போட்டோ நாலு பேர் மெயிலுக்கும் போகட்டும். முதல்ல ரூமைக் காலி பண்ற புண்ணியவான் பில்லோட கிளம்பிடுவான்.

"பில் வேணாம்னா விலையைக் குறைச்சுத் தர்றேன்"னு கண்ணடிக்கிற கடைக்காரரும் உண்டு. மிச்சமாகிற காசு இனிக்கும்தான். ரிப்பேர் வரும்போதுதான் 'நீ யாரு தம்பி?'ம்பார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பிரச்னை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. ஆனா, அங்கேயும் முதல் கேள்வி 'பில் இருக்கா?'தான்.

வளையலை மீட்ட அன்னிக்கு அம்மா பீரோவுல இருந்த மஞ்சப்பையைக் குடைஞ்சேன். ரேஷன் கார்டுக்கு அடியில, 1997ல வாங்கின கிரைண்டரோட பில். கார்பன் வெச்சுக் கையால எழுதினது. தேதி, மாடல், கடைக்காரர் கையெழுத்து எல்லாம் நீலமா அப்படியே இருக்கு. கிரைண்டரும்தான் ஓடிக்கிட்டிருக்கு.