நெஞ்சுப் படபடப்பும் ஈ.சி.ஜி. தாளும்



சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சிலருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென அடிக்கும். கொஞ்ச நேரத்தில் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். "வாயுதான்", "பயந்துட்டான், மந்திரிச்சா சரியாப் போயிடும்" என்பார்கள் லயத்தில். ஆனால், அது இருதயத்தின் மின்சாரப் பாதையில் உள்ள பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம்.

இருதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின்சாரம் கீழ் அறைக்குப் போகும் வழியில், தோட்டத்து கேட்டில் லோரி நின்று போவதுபோல், ஓரிடத்தில் சற்றுத் தாமதித்தே போகும். சிலருக்குக் கேட் இல்லாத ஒரு குறுக்குவழியும் பிறவியிலேயே இருக்கும். ஒரு வழியாக இறங்கிய மின்சாரம் மறுவழியாகத் திரும்பிச் சுற்றத் தொடங்கினால், நாடி நிமிடத்துக்கு 150, 200 என்று ஏறிவிடும். 1930-இல் இதை 11 பேரிடம் கண்டு எழுதிய டாக்டர்கள் வூல்ஃப், பார்க்கின்சன், ஒயிட். அவர்கள் பெயராலேயே இதை டபிள்யூ.பி.டபிள்யூ. என்கிறார்கள்.

ஈ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. மேல் அறையைக் காட்டும் சிறு மேடு தொடங்கி, கீழ் அறையைக் காட்டும் உயர்ந்த கூர் தொடங்கும்வரை 3 முதல் 5 கட்டம் இருந்தால் சரி. குறுக்குவழி உள்ளவருக்கு 3 கட்டத்துக்கும் குறையும். கூரும் செங்குத்தாக எழாமல், அடியில் சரிவாக ஏறி அகன்று நிற்கும். அந்தச் சரிவுதான் 'டெல்டா அலை'. படபடப்பு நின்ற பிறகு எடுத்த தாளில்கூட இது தெரியலாம். சிலருக்கு வந்து வந்து மறையும். படித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர் நாம்.

அபூர்வமாக இது உயிருக்கே ஆபத்தாகும். செம்பனைக் குலை வெட்டும்போதோ லோரி ஓட்டும்போதோ மயங்கினால் என்ன ஆகும்? படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். இந்தக் கோளாறு உள்ளவருக்குச் சில இருதய மருந்துகளே கெடுதல் செய்யும். ஆகவே பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். பழைய ஈ.சி.ஜி. தாளைப் பத்திரப்படுத்தி, போகும் இடமெல்லாம் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதற்குச் சிகிச்சை உண்டு. தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அந்தக் குறுக்குவழியைச் சுட்டு அடைக்கிறார்கள். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப் போடாதீர்கள். டாக்டர் எம்.சி. கொடுத்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு.